கூட்டமில்லாத மத்தியதரைக் கடற்கரை: லிசிய நடைபாதை எங்களுக்கு ஒத்துவருமா?

கேள்வி (தருமபுரி):
வணக்கம். பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் ஏப்ரலில் பத்து நாள் துருக்கியின் தென்மேற்குக் கரைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். பழைய இடிபாடுகளும் கடலும் ஒற்றையடிப் பாதையும் ஓரிடத்திலேயே அமைய வேண்டும். விடுதிகளின் பாட்டுச் சத்தம் வேண்டாம். தீர்த்தமலைப் படிகளை நின்று நின்று ஏறிவிடுவோம், ஆனால் முதுகில் சுமையோடு நாள் முழுவதும் நடக்க இயலாது. அந்தக் கரையோரமாகச் செல்லும் லிசிய நடைபாதையோ 500 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள்.

பதில் (கிருஷ்ணகிரி):
ஐயா, அதை முழுவதும் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. படாரா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளை ஒட்டிய கெலெமிஷ் என்ற சிற்றூரில் தங்கிக்கொண்டு, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். தொல்லியல் காப்புப் பகுதி என்பதாலும் கடலாமைகள் முட்டையிடும் மணல் என்பதாலும் அங்கே பெரிய கட்டடங்கள் எழும்பவில்லை; அமைதிக்குக் காரணம் அதுதான். லிசியா என்பது அந்தக் கரைப்பகுதியின் பழைய பெயர்; லிசிய நகரங்களின் கூட்டமைப்பு கூடிய பேரவை மண்டபமும், ரோமானியப் பேரரசர் நீரோ காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சமும் அங்கே உள்ளன.

நீங்கள் தவறவிடக் கூடாதது கால்கான் ஊர்ப் பக்கத்து டெலிக்கெமெர் என்ற பழைய நீர்க்குழாய்க் கட்டுமானம். மலைமுதுகின் தாழ்வான இடத்தைக் கடக்க ரோமானியர் சுவர் எழுப்பி, நடுவில் துளையிட்ட கற்களை, ஒன்றின் கழுத்து அடுத்ததன் வாயில் செருகும்படி அதன்மேல் வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். மூடிய குழாயில் இறங்கும் தண்ணீர், தன் அழுத்தத்தாலேயே எதிர்ப்புறம் மேலேறி படாரா நகருக்குப் போயிருக்கிறது. ஒரு கல்லின் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தோள் வரை தாராளமாகப் போயிற்று.

பதில் (ஓசூர்):
நல்ல யோசனைதான், ஆனால் ஏப்ரலில் கடல்நீர் சில்லென்றிருக்கும். குளிக்க விரும்பினால் அக்டோபரில் போவதே நல்லது. கோடையில் நடப்பதை நினைக்கவே வேண்டாம். பாதை நெடுகப் பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டியிருக்கும். அடுத்த பட்டை வெகுநேரம் தென்படாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சுண்ணாம்புப் பாறை கூர்மையானது, அழுத்தமான அடிப்பாகமுள்ள காலணி அவசியம். அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசா கையில் இல்லாத இந்தியர்கள் இணையவழி விசாவை நம்பாமல் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குளிப்பது எங்களுக்கு முக்கியமில்லை, எனவே ஏப்ரலிலேயே செல்கிறோம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் உப்புத் தண்ணீருக்குக் குடம் சுமந்தவர் என் மனைவி. பேரவை மண்டபம் இருக்கட்டும், முதல் நாளே அந்தக் குழாய்க் கல்லைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.