அம்மாவை மறுபடி ஆசையோடு நடமாட வைக்க யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் பயம் போகவே இல்லை. இப்போது கூடத்தைக் கடக்கும்போதுகூட விரல் நுனி சுவரை விடுவதில்லை. பயந்து உட்கார்ந்தே இருந்தால் தசை தளர்ந்து, மறுபடி விழும் வாய்ப்புதான் கூடும் என்றார் மருத்துவர்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கமும், 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி என்று அட்டவணை போட்டேன். நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காரச் சொன்னால் நாலாவதிலேயே "போதும்பா" என்கிறார். ஆனால் வானொலியில் பழைய பாட்டு வந்துவிட்டால் பாதம் தானாகத் தாளம் போடுகிறது. நேற்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி ஆடியே விட்டார்! அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

பாட்டோடு சேர்த்து, முதலில் உட்கார்ந்தபடி, அப்புறம் பிடிமானத்தோடு நின்று செய்கிற அசைவுகளை வீட்டில் யாராவது பழக்கியிருக்கிறீர்களா? எதில் ஆரம்பித்தீர்கள்? முழங்கால் வலி இருப்பவர் எதைத் தவிர்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.