கேரம் மேட்ச் ஷூட் பண்ண கம்மி விலையில HD கேமரா, ஐடியா குடுங்க

வணக்கம்ணா, நம்ம காசிமேடு ஏரியா கேரம் கிளப்புல ஞாயித்துக்கிழமை மேட்ச்செல்லாம் வீடியோ எடுத்துப் போடுறேன், இவ்ளோ நாளா போன்லதான், ஆனா தகர ஷீட்டு ரூமு, மதியானம் ரெண்டு மணிக்கெல்லாம் போன் கொதிச்சுப் போய் தானா ஆஃப் ஆயிடுது, போன வாரம் கடைசி போர்டுல ரெட்டு விழுற நேரத்துல கரெக்டா புட்டுக்கிச்சு, பசங்க இன்னும் திட்டுறானுங்க.

பட்ஜெட் 12,000 தான். 4கே எல்லாம் வேணாம், 1080 போதும். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு பாத்தேன். சோனி சிஎக்ஸ் 405, சின்னதா நல்லாருக்கு, ஆனா மைக் சொருக ஓட்டையே இல்ல. கேனான் எச்எஃப் ஆர் 806ல மைக் ஜாக் இருக்கு, ஆனா வைட் பத்தல, போர்டுக்கு மேல துணி காயப்போடுற பைப்புல கட்டித் தொங்கவுட்டா நாலு பாக்கெட்டும் ஃப்ரேம்ல வராது போல. முன்னாடி மாட்டுற வைட் லென்ஸ் போட்டா ஓரம் கலங்குமா? யூஸ் பண்ணவங்க சொல்லுங்க.

டியூப் லைட் வெளிச்சத்துல கோடு கோடா ஓடுறதுக்கு ஷட்டர் ஸ்பீட 50ல (1/50 செகண்ட்) வெச்சா சரியாயிடும்னு தெரியும் (நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்), ஆனா ஸ்ட்ரைக்கர் போற ஸ்பீடுக்கு அது வெள்ளக் கோடாத்தான் தெரியுது. 100 வெச்சா இருட்டா வருமா?

அப்புறம் நாலு மணி நேரம் பேட்டரி தாங்காது, பவர் பேங்க்ல போட்டுக்கினே ரெக்கார்ட் பண்றவங்க இருந்தா எப்டினு சொல்லுங்கணா. வர்ற ஞாயிறுக்குள்ள வாங்கணும்.