சொதி ‘திரிந்து’ போகிறது: காரணமும் சொல்லின் பொருளும் வேண்டும்

பாளைப் பெண்:
தங்கையின் மறுவீட்டு விருந்துக்குச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு, என் பொறுப்பு. ஒத்திகையாகக் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். முதல் பால் ஊற்றி ஒரு கொதி வந்ததும் மேலே எண்ணெய் மினுங்குகிறது. அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அத்தை எட்டிப் பார்த்து, “திரிந்துவிட்டது” என்று சொல்லிப் போய்விட்டார். எப்படித் தவிர்ப்பது? விளக்குத் திரிக்கும் இந்தத் திரிதலுக்கும் உறவு உண்டா?

வடக்கு ரத வீதி:
‘திரி’ என்றால் வடமொழியில் மூன்று. பால், எண்ணெய், தண்ணீர் என மூன்றாகப் பிரிவதால் வந்த பெயர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அண்ணாச்சி, திரிசூலத்தைக் கொண்டுவந்து சொதியில் குத்தாதீர்கள். இது தமிழ் வினை. சுழலுதல், முறுகுதல், நிலை மாறுதல் எல்லாம் அதன் பொருள்கள். கயிறு திரிக்கிறோம், பஞ்சைத் திரித்தால் விளக்குத் திரி, சுற்றி அரைப்பது திரிகை, ஊர் சுற்றுகிறவன் திரிகிறான். ஆகவே உறவு உண்டம்மா. பாலுக்கு இச்சொல்லைப் புழங்குவதும் பழைய வழக்கம்தான்: பண்பில்லாதவன் பெற்ற செல்வம், கலத்தின் குற்றத்தால் நல்ல பால் திரிந்தது போன்றது என்கிறது 1000ஆவது குறள். இலக்கணத்திலும் பால் திரியும்! பால் + குடம் = பாற்குடம்; ல், ற் ஆகத் திரிந்தது. ஒன்று: உறை ஊற்றித் தயிரானால் ‘உறைந்தது’ என்போம். நாம் கேளாமல் மாறினால்தான் ‘திரிந்தது’.

அம்பை ஆச்சி:
சொல் இருக்கட்டும், சொதிக்கு வருவோம். தேங்காய்ப்பாலில் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதிலுள்ள புரதம். கொதித்தால் அது இறுகிப் பிடியை விட்டுவிடும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுக்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதுதான். காய்கறியை மூன்றாம் பால், இரண்டாம் பாலில் வேகவிடு. குழைய வெந்த பாசிப்பருப்பைக் கடைந்து அதில் சேர். முதல் பாலைக் கடைசியாக, தணலைக் குறைத்து, கிண்டிக்கொண்டே ஊற்று. ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடு. கொதி கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு அடுப்பில் இருக்கும்போது விடாதே. புளிப்பும் சூடும் சேர்ந்தால் எந்தப் பாலும் நிற்காது.

பாளைப் பெண்:
எலுமிச்சையை அடுப்பிலேயேதான் பிழிந்தேன் ஆச்சி, கொதியும் வந்தது. ஐயாவுக்கும் நன்றி. இஞ்சிச் சாறு எப்போது?

அம்பை ஆச்சி:
தட்டிப் பிழிந்து சற்றுத் தெளியவிடு. அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இரண்டாம் பாலோடு சேர். பெரிய அண்டா இறக்கிய பிறகும் சூட்டில் கொதிக்கும், உடனே மூடாதே. இஞ்சிச் சக்கையைத் துவையலுக்கு வைத்துக்கொள்.