எல்க் மான் வேட்டைக்கு மரத்தில் பரண்: நம் மலைப் பழக்கம் அங்கே உதவுமா?

நாகலூர் தோட்டக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூரில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் குடியேறிவிட்ட என் சித்தப்பா மகன், அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேர்ச்சி பெற்று, வரும் செப்டம்பரில் வில்லால் எல்க் மான் வேட்டையாட உரிமமும் வாங்கியிருக்கிறான். அந்த மாதம் நான் அவன் வீட்டில் தங்கப் போவதால், பார்வையாளனாக உடன் வந்து அமருமாறு என்னையும் அழைக்கிறான். மரத்தில் பரண் அமைத்துக் காத்திருக்கவே அவனுக்கு விருப்பம். அவன் நண்பர்களோ, எல்க் மானைத் தேடி மலையேறி நடக்க வேண்டும், உட்கார்ந்த இடத்துக்கு அது வராது என்கிறார்கள்.

நம் சேர்வராயன் மலையில் வேட்டைக்கு இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது, அப்படித் தடுத்ததே சரி என்பது என் எண்ணம். ஆனால் காட்டெருமைகள் எந்த வழியாகத் தோட்டத்துக்குள் இறங்குகின்றன என்று பார்ப்பதற்காகப் பலா மரத்துப் பரணில் இரவு முழுவதும் அமர்ந்த பழக்கம் எனக்கு உண்டு என்பதால், தம்பி என்னிடம் யோசனை கேட்கிறான். அங்கே பரணை எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் அமைப்பது நல்லது? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அஸ்தம்பட்டிக்காரர், இப்போது டென்வரில்:

ஐயா, வணக்கம். தம்பியின் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எல்க் மான் ஒரே தோப்பைச் சுற்றி வாழும் விலங்கு அன்று. மேயும் புல்வெளிக்கும் படுக்கும் அடர்காட்டுக்கும் இடையே ஓரிரவில் சில மைல் தூரம் நடந்துவிடும், ஆள் நடமாட்டத்தை உணர்ந்தால் அந்தப் பள்ளத்தாக்கையே விட்டு நீங்கிவிடும். ஆகவே ஏதோ ஒரு மரத்தில் ஏறி அமர்ந்தால் பயனில்லை. ஆனால் செப்டம்பர் அவற்றின் இணைசேரும் காலம். ஆண் எல்க் உரக்கக் குரலெழுப்பிக்கொண்டு, ஈரமான சேற்றுப் பள்ளங்களில் புரண்டு, தன் சிறுநீர் வாடையோடு சேற்றையும் பூசிக்கொண்டு திரியும். வெயில் காயும் நாள்களில் நண்பகலிலும் பிற்பகலிலும் அது நீருக்கும் சேற்றுக்கும் வருவதுண்டு. புதிய குளம்படிகளும், கலங்கிய நீரும், கரையோர மரங்களில் சேறு உரசிய தடமும் உள்ள பள்ளம் ஒன்றை முன்கூட்டியே கண்டுபிடித்தால், பரணைவிடச் சிறந்த வழி வேறில்லை. இரண்டு முகடுகளுக்கு இடையே தாழ்ந்திருக்கும் கணவாயையும் பார்க்கச் சொல்லுங்கள். மலையைக் கடக்கும் மந்தை அந்தத் தாழ்வையே நாடும்.

இடத்தை முடிவு செய்வது காற்றுதான். மலைச்சரிவில் விடியலின் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் மேல்நோக்கி எழும். மாலையில் நிழல் விழுந்தவுடன் மறுபடி இறங்கத் தொடங்கும். காலையில் மிகப் பொருத்தமாக இருந்த மரம் பத்து மணிக்குமேல் உங்கள் வாடையை நேராக மானின் மூக்குக்கே கொண்டு சேர்க்கும். உயரத்தில் அமர்ந்தால் வாடை தலைக்கு மேலாகவே போய்விடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மாலைக் காற்று இறங்கும்போது அதையும் சேர்த்து இறக்கிவிடும். அதனால் காலைக்கு ஒரு மரமும் பிற்பகலுக்கு ஒரு மரமும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பரணில் இருந்தபடியே மானின் குரலை ஊதி அழைப்பதை நான் விரும்புவதில்லை. குரல் வந்த இடத்தில் இன்னொரு எல்க் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வந்த மான் தொலைவிலேயே நின்றுவிடும், அல்லது காற்று வீசிப் போகும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். நீர்நிலையில் அமைதியாகக் காத்திருப்பதே பரணுக்கு ஏற்றது.

மஞ்சக்குட்டை மேற்பார்வையாளர்:

எல்க் மானைப் பற்றி எனக்குத் தெரியாது. மரம் ஏறுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க மூங்கில் ஏணியில் ஆள்களை ஏற்றும் வேலை என்னுடையது. ஏணியிலிருந்து கிளைக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடிதான் எப்போதும் எனக்கு அச்சம் தருவது. உட்கார்ந்தபின் விழுபவர்கள் குறைவு. ஆகவே தரையிலிருந்து உச்சிவரை ஒரு கயிற்றை முதலில் கட்டி, உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸை (பாதுகாப்புப் பட்டைகளின் தொகுப்பை) அதனோடு நழுவு முடிச்சால் இணைத்து, முதல் படியில் கால் வைக்கும்போதே பாதுகாப்பு தொடங்கும்படி செய்யுங்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது வேண்டாம். விழுந்து தொங்க நேர்ந்தால் தொடைப்பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், காலை ஊன்றி எழ ஒரு கயிற்று வளையமும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாமல், மேலே அமர்ந்து கட்டிக்கொண்டபின் தனிக் கயிற்றால் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை அம்பு நாணில் ஏறவே கூடாது.

அங்குள்ள மரங்கள் எப்படிப்பட்டவை? பட்ட மரமாக இருந்தால் எவ்வளவு பருமனாக இருந்தாலும் நான் ஏற்ற மாட்டேன்.

நாகலூர் தோட்டக்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பி பார்த்து வைத்திருக்கும் பள்ளத்தின் கரையிலேயே ஒரு பைன் மரம் நிற்கிறதாம். அதில் முப்பது அடி உயரத்தில் பரண் அமைத்தால் மான் நிமிர்ந்து பார்த்தாலும் தெரியாது என்று எண்ணுகிறான். அவ்வளவு உயரம் சரியா?

அஸ்தம்பட்டிக்காரர், இப்போது டென்வரில்:

வேண்டாம், ஐயா. அவ்வளவு உயரத்திலிருந்து காலடியில் நிற்கும் மானை எய்தால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டுமே துளைக்கும். அப்படிக் காயம்பட்ட எல்க் வெகுதூரம் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் வதைபட்டு மடியக்கூடும். பதினைந்து முதல் இருபது அடி உயரமும், பள்ளத்திலிருந்து ஏறத்தாழ இருபது கெஜ தூரமும் இருந்தால் அம்பு சாய்வாகச் சென்று இரண்டு நுரையீரல்களையும் கடக்கும். மறைவுக்கு உயரத்தை நம்பாமல், முதுகுக்குப் பின்னால் அடர்ந்த கிளைகள் உள்ள மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பரணிலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து குனியும் பயிற்சியை, ஹார்னஸ் அணிந்தபடியே, தம்பி இப்போதே தொடங்க வேண்டும்.

மேற்பார்வையாளர் ஐயா கேட்டது மிக முக்கியமான கேள்வி. கொலராடோவில் பட்டை வண்டுகளால் பைன் மரங்கள் பெரும் பரப்பில் பட்டுப்போயிருக்கின்றன. ஊசியிலைகள் செம்பழுப்பாகவோ முற்றிலும் உதிர்ந்தோ இருந்தால் அந்த மரத்தையும், அது சாய்ந்தால் தொடக்கூடிய பக்கத்து மரத்தையும் விட்டுவிட வேண்டும். வெள்ளைப் பட்டையுள்ள ஆஸ்பென் மரம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உளுத்திருக்கக்கூடும். தட்டிப் பார்க்காமல் ஏறக்கூடாது.

அம்பு பட்டபின் உடனே இறங்கி ஓடாமல், குறைந்தது அரை மணி நேரம் பரணிலேயே இருந்து, மான் கடைசியாக மறைந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயிற்றில் பட்டதாகத் தெரிந்தால் பல மணி நேரம் பொறுக்க வேண்டும். அதற்குள் துரத்தினால் அது எழுந்து ஓடிவிடும். ஆண் எல்க் சுமார் 300 கிலோ எடை இருக்கும். செப்டம்பர் வெயிலில் இறைச்சி விரைவில் கெடும், உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விடுவது அங்கே சட்டப்படி குற்றம். ஆகவே தோலுரித்து, துண்டாக்கி, சுமந்து இறக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் பரணுக்கு மரம் தேடுமுன் தம்பி முடிவு செய்ய வேண்டும்.