நிச்சயதார்த்தமா, உப்புச்சர்க்கரையா? அழைப்பில் எதைப் போடுவது?

நொய்யல்கரை:
தங்கச்சிக்கு ஐப்பசியில் கல்யாணம். அடுத்த மாதம் நிச்சயம். அழைப்பில் 'நிச்சயதார்த்தம்' என்று அச்சடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மாயி கேட்டுவிட்டு, "உப்புச்சக்கரை மாத்துறோம்னு போடு" என்கிறார். பரிசம், நிச்சயதாம்பூலம், மணஉறுதி என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எது பொருத்தம்?

காங்கேயத்தான்:
அம்மாயி சொல்வதுதான் சரிங்க. அக்காவுக்கு மாற்றியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜமக்காளத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, கல் உப்பையும் நாட்டுச்சர்க்கரையையும் கைமாற்றிக்கொண்டார்கள். உப்புப் பை அடியில் ஈரம் கசிந்து அப்பாருவின் வேட்டியில் பட்டது, அவர் துடைக்கவே இல்லை. அதற்கு அப்புறம் யாரும் "யோசித்துச் சொல்கிறோம்" என்று பேச முடியாது. நிச்சயதார்த்தம் என்ற சொல்லில் இந்தக் காட்சி எங்கே இருக்கிறது?

கூடல்துறை:
காட்சி இல்லை, பொருள் இருக்கிறது. 'நிச்சித' என்றால் உறுதியான, 'அர்த்த' என்றால் காரியம். உறுதியான காரியம். வடமொழிச் சொல்தான், ஆனால் எல்லாருக்கும் புரிகிறது. இன்னொன்று, உப்புச்சர்க்கரை கொங்கு நாட்டில் எல்லார் வீட்டு வழக்கமும் இல்லை. பவானியில் நாங்கள் தறிக்காரர்கள், தட்டு மாற்றுவோம். ஒரு பகுதியாரின் சடங்கை ஊருக்கே பொதுப்பெயராக்க வேண்டாம்.

காங்கேயத்தான்:
ஊருக்குப் பெயர் வைக்கச் சொல்லவில்லைங்க. அவர் வீட்டு அழைப்பில் அவர் வீட்டுச் சொல் இருக்கட்டும் என்கிறேன். உங்கள் வீட்டில் 'தட்டு மாற்றுதல்' என்று போடுங்கள், அதுவும் நல்ல சொல்.

அமராவதி:
தாராபுரம் பக்கம் தமிழாசிரியை நான். பழைய சொல் வேண்டுமென்றால் 'வரைவு' இருக்கிறது. சங்கப் பாட்டில் மணம் முடிப்பதற்கு அதுதான் சொல், சீக்கிரம் மணந்துகொள் என்று தோழி தலைவனை வற்புறுத்துவது 'வரைவு கடாதல்'. வாக்குக்குச் 'சூள்' என்ற சொல் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவன் மலைக்கடவுளைக் கைதொழுது, வஞ்சினம் சொல்லி, அருவி நீரைக் குடித்து, அவளைத் தேற்றுகிறான். நம் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், முடிவாகும்வரை 'கை நனைக்க' மாட்டார்கள். அங்கே சொன்ன வாக்குக்குத் தண்ணீர் குடித்தான், இங்கே சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம். எனக்கு இரண்டும் ஒரே இடத்தைத் தொடுவதாகத்தான் படுகிறது.

பரிசம் மட்டும் வேண்டாம். பெண்ணுக்குக் கொடுக்கும் பொருளின் பெயர் அது. பெண்ணை விலை பேசிய மாதிரி ஒலிக்கிறது.

கூடல்துறை:
டீச்சர், வரைவு என்று போட்டால் 'வரைவு அறிக்கை' மாதிரி இன்னும் முடிவாகவில்லை என்றுதான் இன்றைக்குப் படிப்பார்கள். உறுதி செய்யும் நாளுக்கு அந்தச் சொல்லா? பரிசத்தைப் பற்றியும் எனக்கு வேறு கருத்து. அது மாப்பிள்ளை வீடு கொடுப்பது. பெண் வீட்டைப் பிழிந்த வரதட்சிணைக்கு அது எவ்வளவோ மேல்.

அமராவதி:
வரைவு பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். பரிசத்தில் ஒப்பவில்லை. யார் கொடுத்தாலும் பேச்சு பணத்தில்தான் போய் நிற்கிறது.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு உப்புச்சர்க்கரை மாற்றி இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டார் பின்வாங்கினார்கள். ஊரில் யாரும் "நிச்சயம் நின்றுபோச்சு" என்று சொல்லவில்லை. "வாக்குத் தப்பிட்டாங்க" என்றார்கள். முதல் சொல்லில் குற்றவாளி யாரும் இல்லை, மழை நின்ற மாதிரி. இரண்டாவதில் வாக்குக் கொடுத்தவர் பொறுப்பாகிறார். 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்'தான் பெரியோர் கரணம், அதாவது மணச்சடங்கு, வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் சொல்வதும் இதைத்தான். பெரியம்மா அதற்கப்புறம் வெகுநாள் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. அதனால்தான் வாக்கு என்ற சொல்லை நான் விடமாட்டேன்.

கூடல்துறை:
இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் வெளியூர்க்காரருக்குப் புரியும் சொல் ஒன்று அழைப்பில் இருந்தாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

காங்கேயத்தான்:
மாற்றும்போது வெள்ளைச் சர்க்கரை வைத்துவிடாதீர்கள் தம்பி. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வாங்குங்கள், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அதுதான்.

நொய்யல்கரை:
அச்சகத்தில் இன்று மாற்றச் சொல்லிவிட்டேன். மேலே 'உப்புச்சர்க்கரை மாற்றுதல்', அடுத்த வரியில் 'இரு வீட்டாரும் வாக்குக் கொடுக்கும் நாள்'. நிச்சயதார்த்தம் உறையின் மேல் சின்ன எழுத்தில் இருக்கிறது, கூடல்துறை அண்ணனுக்காக. அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். 'வாக்கு' என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.