புதுப்பிப்பு: உறைந்த பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது

கனடாவின் எட்மன்டனில் மைனஸ் 28 டிகிரி, சமையலறைக் குழாயில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்று சனிக்கிழமை இரவு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்னபடி குழாயைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரைக் குழாய்ப் பக்கத்திலிருந்து சுவரை நோக்கி மெதுவாகக் காட்டினேன். முக்கால் மணி நேரத்தில் கரகரவென்று சத்தம், அப்புறம் ஐஸ் துகளோடு தண்ணீர். வெடிப்பு இல்லை, அப்பாடா!

குழாயைத் திறக்க மறக்காதீர்கள். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம்தான் பைப்பைப் பிளக்கும்.

சிங்க்குக்கு அடியில் வெளிச்சுவரில் விரல் நுழையும் ஓட்டை, அதில் குளிர்காற்று. அடைத்தாயிற்று, பைப்பைச் சுற்றிக் குளிர் தாக்காமல் நுரைக் கவசமும் போட்டாயிற்று. வீட்டுச் சூடு பைப்புக்கு எட்ட, கடுங்குளிர் இரவுகளில் சிங்க் அலமாரிக் கதவு இனி திறந்தே இருக்கும். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.