பதில்: கடற்கரைக் கல் தடுப்புக்கு நிதி

எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கடற்கரையில் கல் தடுப்பு போடத் தலைக்கு இருபதாயிரம் கேட்டுச் சங்கத் தலைவர் போட்ட மடல் பார்த்தேன். வைகாசியில் ஊருக்குப் போன சித்தி சொன்னதும் அதேதான்: கருவாட்டுக் களத்தில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, கீழத்தெருக் கிணறு உப்புக் கரிக்கிறது. பொய்யில்லை. ஆனால் "நம் முன்னோர் கடலைக் கும்பிட்டவர்கள், கெடுத்ததெல்லாம் வெளியாட்கள்" என்று தோஹா மச்சான் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்துத்தான் வயிறு எரிகிறது.

மச்சான், உங்க அப்பாவும் எங்க தாத்தாவும் ஒரே வள்ளத்தில் பார், அதாவது கடலுக்குள் இருக்கிற பவளப்பாறை, உடைக்கப் போனவர்கள். கடப்பாரை போட்டுப் பெயர்த்த பவளக்கல்தான் காளவாயில் வெந்து சுண்ணாம்பானது. உங்க மச்சுவீட்டுச் சுவரே அந்தக் கல்தானே! தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்கா என்றார்கள். ராத்திரியில் பார் உடைக்கப் போகிற வள்ளம் நிற்கவில்லை. 2001-இல் வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே பட்டியலில் பவளத்தையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. பார் இருந்தவரை அலை அங்கேயே அடங்கிவிடும். இப்போது கச்சான் காற்று அடித்தால் நேரே களத்துக்கு வருகிறது. அந்த 21-இல் பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லியும் தண்ணிக்கடியில் போயாச்சு. மிஞ்சின பவளமும் 1998, 2010, 2016-இல் கடல் சூடேறி வெளுத்தது.

பார் உடைத்த வீட்டு ஆம்பளைகள் நாமெல்லாம் வெளிநாட்டில். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற பொம்பளைகளைத்தான் தீவுப் பக்கம் வராதே என்று வனத்துறைக்காரர்கள் விரட்டுகிறார்கள். சித்தியும் அதில் ஒருத்தி. அவர்களைப் பற்றிச் சங்கத்தில் யாராவது ஒரு வரி எழுதினோமா?

கல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். மறுபக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களோடு வலைச் சண்டை ஒன்று போதாதா?

பொருளாளர் மாமா கோபிக்க வேண்டாம். ஊர் முகப்பு வளைவுக்கு வாங்கின பணத்துக்கு சிமெண்டு ரசீது மட்டும்தான் வந்தது. கம்பி, கூலி, திறப்பு விழாப் பந்தல் எதற்கும் காகிதம் இல்லை. அது வரட்டும். பாசிக்காரப் பெண்களுக்குக் காயப்போட மேட்டில் ஒரு களம் என்றால் அன்றைக்கே அனுப்புகிறேன். கல்லுக்கு என் பங்கு கிடையாது.

பி.கு: மச்சான், பதில் எழுதும்போது எங்கம்மா வளையல் விஷயத்தை இங்கே இழுக்காதீர்கள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.